லண்டன் மேடையில் எங்கள் ஊர் நடை

வேங்கிக்காலில் மூன்று மாடி லாட்ஜ், கீழ்பென்னாத்தூரில் செருப்புக்கடை, ரெண்டு வேன் என்று, ஐந்தாவதோடு படிப்பு நின்றுபோன நான் தனியாளாய்ச் சம்பாதித்தேன். இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற பெருமை ஒன்று எனக்கு இருப்பது நேற்றுதான் தெரிந்தது.

நாடகத்தில் தொடங்கி சினிமாவில் உச்சிக்குப் போன ஒரு வெள்ளைக்கார நடிகர் காலமாகிவிட்டாராம். அவர் கதையை டிவியில் காட்டினார்கள். தொண்ணூறில் எடுத்த பழைய நாடகக் காட்சி ஒன்றில், நாட்டை இழந்த ராஜாவாக வெறுங்காலோடு லண்டன் மேடைக்கு வந்தார். வெளிச்சத்தில் விறுவிறுவென்று போனார், இருட்டு விழுந்த இடத்தில் நிதானமாக நின்றார். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அதே கழுகு மூக்கு.

எண்பத்தொன்பதில் எனக்குப் பத்து வயது. சித்திரை வெயில், தார் உருகும் வாசனை. அடி அண்ணாமலையில் அம்மா மோர் விற்றுக்கொண்டிருந்தாள். கிரிவலம் வந்த அந்த மனிதர் செருப்பில்லாமல் ரோட்டில் குதித்தார்.

"மலைய சுத்துறாரா, கோழியாட்டம் ஆடுறாரா? போய் சொல்லுடா," என்றாள் அம்மா.

நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். "வெயில்ல வேகமா போணும் சார். நிழல் வந்தா நின்னு கால ஆத்திக்கணும்."

பாஷை புரியாமல் விழித்தார். நடந்து காட்டினேன். ரெண்டு புளியமரம் தாண்டுவதற்குள் அப்படியே பிடித்துக்கொண்டார்.

அந்த நடை அவருடைய சொந்தக் கற்பனை என்றும், அதுதான் அவரைப் பெரிய நடிகராக்கியது என்றும் டிவியில் சொன்னார்கள். கற்பனை இல்லைங்க, நான் சொல்லிக்கொடுத்தது. அடுத்த முறை போடும்போது கீழே என் பேரையும் போட வேண்டும். அம்மா பேரை எனக்கு மேலே போடுங்கள்.