சந்திரகிரி ரோட்டில் வெடித்த பேட்டரி

திருப்பதியில் நான் பேட்டரி கடையில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் புதுப்புது மாடல் வண்டிகள் வந்துகொண்டிருந்தன. லோனும் சுலபமாகக் கிடைத்தது. நகரியில் தறி ஓட்டியவர்களும் பாலசமுத்திரத்தில் கூலிக்குப் போனவர்களும் டிரைவர்களானார்கள். பாலசமுத்திரம் வேலு அப்படி வந்தவன். பழைய வேன் ஒன்றை வாங்கி, பக்தர்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான்.

அந்த வேனில் பேட்டரி முன் சீட்டுக்கு அடியில், இன்ஜினை ஒட்டி இருக்கும். இன்ஜின் சூடு தாக்காமல் இருக்க நடுவில் ஒரு தகடு உண்டு. சாமான் வைக்க இடம் வேண்டுமென்று வேலு அந்தத் தகட்டைக் கழற்றிவிட்டான். காற்று போகிற ஓட்டையையும் ரெக்சின் வைத்து அடைத்துவிட்டான்.

ஒரு சித்திரை மாத மதியம், வண்டிக்குள் அழுகின முட்டை நாற்றம் அடிக்கிறதென்று கடைக்கு வந்தான். சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். பேட்டரியின் பக்கங்கள் உப்பியிருந்தன. கை வைக்க முடியவில்லை. உள்ளே கொதிக்கிற சத்தம் கேட்டது. மீட்டர் வைத்தேன். ரெகுலேட்டர் போய், சார்ஜ் கட்டுப்பாடில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது.

பேட்டரி ஆறும்வரை வண்டியை எடுக்கக் கூடாது, ரெகுலேட்டரை மாற்றியாக வேண்டும், சாயங்காலம் ஆகிவிடும் என்றேன். காணிப்பாக்கம் போக வேண்டிய குடும்பம் ஒன்று மொட்டைத் தலைகளோடு வெளியே வெயிலில் நின்றிருந்தது. வேலு அவர்களைப் பார்த்தான்.

"ஆறட்டும்னு ஒக்காந்துக்கினு இருந்தா பார்ட்டி வேற வண்டி ஏறிடுவாங்கண்ணா. போய்ட்டு நேரா இங்கதான் வருவேன்."

சந்திரகிரி தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. பின்னால் வந்த ஒரு டிரைவரை நிறுத்தி, அவர் வண்டியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்யப் பார்த்திருக்கிறான். டெர்மினலில் கேபிளை வைத்ததும் தீப்பொறி பறந்தது. கொதித்த ஆசிட்டிலிருந்து கிளம்பி, சீட்டுக்கடியில் தேங்கியிருந்த கேஸ் பற்றிக்கொண்டு பேட்டரி வெடித்தது. குனிந்திருந்த வேலுவின் முகத்தில் ஆசிட் அடித்தது.

வண்டியில் வந்த அம்மா ஒருவர் தங்கள் குடிதண்ணீர் கேனை அப்படியே அவன் முகத்தில் ஊற்றினார். அதனால்தான் ஒரு கண் தப்பியது என்று திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். இன்னொரு கண் போய்விட்டது.

மறுநாள் ஊரிலிருந்து வந்த அவன் மனைவி குப்பம்மா, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"கண்ணு போனத அவருகிட்ட சொல்லாதீங்கண்ணா. கொஞ்ச நாள் போவட்டும், நானே சொல்லிக்கிறேன்."

முகத்தைச் சுற்றியிருந்த கட்டுக்குள்ளிருந்து வேலுவின் குரல் வந்தது. "எனக்குத் தெரியும் குப்பு."



வேனை விற்றுவிட்டு, குடும்பத்தோடு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனான். ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் வேலை. சில வருடம் கழித்து மலைக்கு வந்தவன், என்னையும் பார்க்க வந்தான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். உள்ளே வரச் சொன்னேன். "ஆசிட் வாசன வருதுண்ணா, இங்கியே நிக்கறேன்" என்றான். ரோட்டோரத்தில் நின்றே டீ குடித்துவிட்டுப் போனான்.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். மீட்டரை எடுப்பதற்கு முன் பேட்டரியின் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோங்கள். சூடு தெரிந்தால் இன்ஜினை நிறுத்தி, கதவுகளைத் திறந்துவிடுங்கள். பக்கத்தில் கேபிளும் வேண்டாம், பீடியும் வேண்டாம். அது ஆறும்வரை சாவியை உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கஸ்டமர் திட்டுவார். திட்டட்டும்.