மலைவேம்பு என்று வளர்ந்த மரம்

அம்சத்துக்கு வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசுவதென்றால் மலையைப் புரட்டுகிற வேலை. மன்னார்குடிக்குப் பக்கத்திலிருந்த அந்த ஊரில் அவள் கூச்சமில்லாமல் பேசியது அடுத்த வீட்டு ஆனந்தவல்லி ஒருத்தியிடம்தான். விடிந்ததும் அம்சத்தின் கொல்லையில் வெள்ளையாக உதிர்ந்து கிடக்கும் மரமல்லிப் பூவை இருவருமாகப் பொறுக்குவார்கள். நீளக் காம்பு, நார் வேண்டாம், காம்போடு காம்பைப் பின்னினாலே சரமாகிவிடும்.

கஜா புயலில் அந்த மரம் முறிந்து ஆனந்தவல்லியின் மாட்டுக்கொட்டகைமேல் விழுந்தது. கன்றுக்குட்டி செத்துப்போயிற்று. போய் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். இன்றைக்கு, நாளைக்கு என்று அம்சம் தயங்கிக்கொண்டே இருந்தாள். "எட்டிக்கூடப் பாக்கல பாரு" என்று வேலிக்கு அந்தப் பக்கம் ஆனந்தவல்லி சொன்னது காதில் விழுந்த பிறகு காலே எழவில்லை.

மறு வருடம் அவர்களுடைய புதுக் கொட்டகையை ஒட்டி ஒரு செடி முளைத்தது. ஆனந்தவல்லியின் கணவர் துரைராசு அதை மலைவேம்பு என்று நினைத்து, விற்றால் நல்ல விலை போகும் என்று முள் கட்டித் தண்ணீர் ஊற்றினார். இலை அப்படித்தான் இருக்கும். ஆனால் அம்சத்துக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அது தன் மரத்து வேரிலிருந்து வெடித்தது என்று. சொன்னால் வெட்டிவிடுவார்கள். சொல்லாமலே வருடங்கள் ஓடின. மரம் கூரையைத் தாண்டிவிட்டது. காற்றடித்தால் மளுக்கென்று முறிகிற ஜாதி. அதன் கீழே இப்போது ஒரு சினை மாடு.

ஐப்பசியில் புயல் வருகிறது என்று டிவியில் சொன்ன அன்று அம்சம் அவர்கள் வாசலில் போய் நின்றாள்.

"யாரு, அம்சமா? வழி தப்பி வந்துட்டியா?" என்றாள் ஆனந்தவல்லி.

"அது மலைவேம்பு இல்லக்கா. நம்ம மரமல்லி. மாட்ட அங்க கட்டாதீங்க."

துரைராசு அண்ணாந்து பார்த்தார். "அடக் கடவுளே! யாவாரிகிட்ட வேற சொல்லி வச்சிருக்கேனே!"

"பொறந்ததுலேர்ந்து வெவசாயம் பாக்குறாராம்" என்ற ஆனந்தவல்லி, அம்சத்தின் பக்கம் திரும்பினாள். "கன்னுக்குட்டி செத்தன்னிக்கு இந்த வாயி எங்கடி போச்சு?"

"பயமா இருந்துச்சுக்கா."

துரைராசு அரிவாளோடு மரத்தில் ஏறிக் கிளையில் கயிறு கட்டியதும், ஆனந்தவல்லி அதன் மறு முனையை அம்சத்தின் கையில் கொடுத்தாள். "உம் பக்கமா இழு."

மழை விட்ட பிறகு வேலியோரம் மூன்று நான்கு தளிர்கள் கிளம்பியிருந்தன. ஆனந்தவல்லி காலால் ஒன்றைக் காட்டினாள்.

"கொட்டாய்க்கு எட்டாம, ஒங்கொல்லைக் கடேசில கொண்டுபோயி வையி. பூக்குறப்ப கூப்புடு."

அம்சம் மண்வெட்டி எடுக்கப் போனாள்.