இடக்கை முடிச்சு

என் மாமா பறப்பதை விட்டதற்குக் காரணம் நான். அறுபது வருஷத்துக்கு மேலாக இதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பெரியபட்டினத்தில் வாப்பாவுக்கு இரண்டு தோணிகள். உம்மாவின் தம்பியான மாமா மதுரையில் கல்லூரியில் படித்தார். அந்தக் கோடையில் அவரும் அவருடன் படித்த சிலரும், யுத்த காலத்தில் வெள்ளைக்காரர்கள் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் போட்டு விட்டுப்போன ஓடுதளத்தில் கூடாரம் அடித்து கிளைடர் பழகினார்கள். எஞ்சின் இல்லாத விமானம். கம்பியால் இழுத்து மேலே ஏற்றிவிட்டால் காற்றில் மிதந்து இறங்கும்.

பாராசூட் ஒன்றே ஒன்றுதான். பறக்கிறவர் மாற்றி மாற்றி முதுகில் கட்டிக்கொள்வார்கள். கோடை மழையில் அது நனைந்துவிட, பாய்மரத் துணி உலர்த்தும் எங்கள் சரக்குக் கிட்டங்கிக்கு மாமா கொண்டுவந்தார். தோணிப் பாய்களுக்கு நடுவே இரண்டு நாள் தொங்கவிட்டு, பதமாக மடித்துப் பையில் வைத்து, மடித்தவர் என்று அட்டையில் கையெழுத்தும் போட்டார்.

"இது விரிஞ்சா என்ன ஆவும் மாமா?"

"விரிய வேண்டி வரக்கூடாதுன்னு துவாச் செய்யி மருமவனே. விரிஞ்சா, மாமன் வண்டிய அந்தரத்துல விட்டுட்டு வாரேன்னு அர்த்தம்."

வெள்ளிக்கிழமை ஆண்கள் எல்லாரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போனார்கள். நான் வயிற்றுவலி என்று பொய் சொல்லி வீட்டில் தங்கி, பையின் பிடியை இழுத்தேன். சுருள்கம்பி வைத்த சின்னக் குடை ஒன்று முகத்தில் அடித்தது. பின்னாலேயே துணி முழுதும் வழிந்தது. அள்ளி அள்ளித் திணித்தும் அடங்கவில்லை. எனக்குத் தெரிந்தது தோணிப் பாயைக் கட்டும் விதம் ஒன்றுதான். இறுகச் சுருட்டி, அதன் கயிறுகளாலேயே சுற்றி, காற்றுக்கு அவிழாதபடி மூன்று இடத்தில் முடிச்சுப் போட்டேன். வீட்டில் இடக்கைக்காரன் நான் ஒருவன்தான். என் முடிச்சு எதிர்ப்பக்கமாகச் சுற்றும். "ஏலே, இது எந்த ஊரு முடிச்சு?" என்று தோணிக்காரர்கள் கேலி செய்வார்கள். பிடிக் கம்பியைப் பழையபடி செருகியதும் பை அடக்கமாக மூடிக்கொண்டது. மாமாவைவிட நன்றாகக் கட்டிவிட்டதாகக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

மறுநாள் வேடிக்கை பார்க்க என்னையும் கூட்டிப்போனார். அவர் பையைக் கட்டிக்கொண்டு கிளைடரில் ஏறியபோது என் பெருமை போய்விட்டது.

"மாமா."

"என்னலே?"

"ஒண்ணுமில்ல."

வாப்பாவின் பிரம்புக்குப் பயந்தேன். வேறு காரணம் இல்லை. கிளைடர் ஏறி, கடல் பக்கம் திரும்பிப் பருந்துபோல் வட்டமிட்டது. ஓதத் தெரிந்ததையெல்லாம் ஓதினேன். மாமா சிரித்துக்கொண்டே இறங்கினார்.

அடுத்தவர் பையைக் கட்டும்போது ஓரத்தில் துணி பிதுங்கியிருந்தது. அதைப் பயிற்சியாளர் பார்த்துவிட்டார். அவர் பட்டாளத்தில் இருந்தவர். பிடியை இழுத்தார். பாய்போல் சுருட்டிய துணி தொப்பென்று தரையில் விழுந்தது.

"இதோட குதிச்சா அம்மிக்கல்லக் கட்டிக்கிட்டுக் குதிச்ச மாதிரி. யாருய்யா மடிச்சது?"

மாமா குனிந்து ஒரு முடிச்சை எடுத்து, அது சுற்றிய வழியே விரலை ஓட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நாந்தான் சார். அட்டையில கையெழுத்து இருக்கே."

அன்றே மாமாவைக் கூடாரத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள். விமானப்படையில் சேர அவருக்கிருந்த ஆசையும் அத்தோடு முடிந்தது. கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் துணி மடித்தே அவர் காலம் போயிற்று. அங்கேயே மௌத்தாகி அடக்கமானார். அன்றைக்கே பயிற்சியாளரிடம் நான் போய்ச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

அன்று பஸ் இறங்கி மணலில் வீட்டுக்கு நடந்தபோது மாமா என் இடது கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் மறுபக்கம் ஓடி வலது கையை நீட்டினேன். அதை விட்டுவிட்டுத் திரும்பவும் இடது கையையே பிடித்துக்கொண்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது, தப்பித்தோம் என்று நினைத்து, அந்தக் கையை வீசி வீசி வீடுவரை நடந்தேன்.