மஞ்சள் போட்டு அவித்த ஐந்து மூளை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப் போட்டேன். பத்தாவது வரை படித்தவள் நான். அதுவும் தாராவியில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். எழுத்துப்பிழை வரும் என்ற கூச்சம் ஒரு பக்கம். இது என்னுடைய கதை இல்லை, என் மாமாவுடையது என்ற தயக்கம் அதைவிடப் பெரிது. போன ரமலானில் நோன்பு திறந்துகொண்டிருக்கும்போது மாமாவே, "எழுதும்மா, நாலு பேருக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டார். பிஸ்மி சொல்லி ஆரம்பிக்கிறேன்.

மாமா என்றால் உம்மாவின் தம்பி. எங்களுடனேதான் இருந்தார். எங்கள் சந்து முனையில் அவருக்குக் கறிக்கடை. அந்தக் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. கறியில் குறை இருந்தால், வாங்க வந்தவர் கேட்பதற்கு முன்பே மாமா சொல்லிவிடுவார். இது கிழடு, குழம்புக்குத்தான் ஆகும் என்பார். இன்றைக்கு ஈரல் சரியில்லை, நாளைக்கு வாங்க என்று திருப்பி அனுப்புவார். வியாபாரம் கெடுகிறதே என்று வாப்பா முணுமுணுத்தால், குறையை மறைத்து விற்றால் பரக்கத் என்கிற அருளே போய்விடும், மறுமையில் நான்தானே பதில் சொல்லணும் என்பார்.

அப்படிப்பட்ட மாமாவுக்கே ஒரு குறை இருந்தது. வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை வலிப்பு வரும். பெரும்பாலும் விடியற்காலையில், வீட்டுக்குள். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்ல மாட்டார்கள். 'பித்தம்' என்பார்கள். மாமாவுக்கு வரும்போது உம்மா எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார். நான் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. பித்தம் வயிற்றில் இருப்பது என்று நினைத்திருந்தேன். பள்ளிவாசலில் ஓதிக் கொடுத்த தண்ணீரை மாமா குடித்தார், கயிறு கட்டினார். டாக்டரிடம் மட்டும் போகவில்லை. ஒற்றை அறை வீட்டில் மாத்திரை டப்பாவை எங்கே ஒளிப்பது? பக்கத்து வீட்டுக்காரர்கள் உப்பு வாங்க வந்தாலே அடுக்களை வரை எட்டிப் பார்ப்பார்கள்.

அந்த வருஷம் மாமாவுக்கு மாஹிமில் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். பெண் வீட்டில் எதையும் சொல்லக் கூடாது என்று உம்மா மாமாவிடம் சத்தியம் வாங்கியிருந்தார். ஏற்கெனவே ஒரு இடத்தில் சொல்லித்தான் சம்பந்தம் கெட்டது. மாமா சரி என்று சொன்னார். ஆனால் பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்து கை கழுவ ஆரம்பித்தார். கல்யாண சந்தோஷம் போல என்று நான் நினைத்தேன்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மூளையைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க இரண்டு நாள் பயிற்சி என்று சிலர் வந்தார்கள். அவர்களில் ஒரு அக்காவுக்கு மட்டும் தமிழ் தெரியும். மாட்டுங்காக்காரர். அணுசக்தி நகர் பக்கம் எங்கோ ஆராய்ச்சிப் படிப்பு படித்துக்கொண்டிருந்தார். முதல் நாள் எங்கள் கையில் ஸ்டிக்கர் ஒட்டி, ஒயரை ஒரு சின்னப் பெட்டியில் மாட்டினார். கையை மடக்கினால் பெட்டிக்குள்ளிருந்து தகரக் கூரையில் மழை விழுவதுபோல் கரகரவென்று சத்தம். மூளை உன் கைக்கு அனுப்புகிற கரண்ட்தான் அது என்றார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சுப்ஹானல்லாஹ் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. ஆமாம், எனக்கும் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் இருக்கும் என்றார்.

மறுநாள் நிஜ மூளையைத் தொட்டுப் பார்க்கலாம், ஆனால் கொண்டுவருவதாகச் சொன்னவர் கைவிட்டுவிட்டார் என்றார்கள். நான் கையைத் தூக்கினேன். எங்கள் மாமா கடையில் ஆட்டு மூளை கிடைக்கும் என்றேன். அக்கா என் கன்னத்தைக் கிள்ளி, உடையாமல் முழுதாக ஐந்து வேண்டும், ஐஸில் வைத்து அப்படியே கொண்டுவரணும் என்றார். வீட்டுக்கு ஓடியதில் முழுதாக என்பது மட்டும்தான் நினைவில் நின்றது.

தலையை இரண்டாக வெட்டி மூளையை வழித்தெடுப்பதுதான் கறிக்கடைப் பழக்கம். முழுதாக எடுப்பது பெரிய வேலை. மாமா விடியற்காலை ஃபஜ்ரு தொழுத கையோடு உட்கார்ந்து, மண்டையோட்டைச் சுற்றிலும் தட்டித் தட்டித் திறந்து, ஐந்தையும் குழந்தையைத் தூக்குவதுபோல் எடுத்து வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குப் பிறகுதான் உம்மா கைவரிசை. அதன் மேலிருந்த சிவப்பு நரம்புத் தோலைப் பொறுமையாக உரித்து, உப்பும் மஞ்சளும் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் இறக்கிவிட்டார்.

"பச்சையா குடுத்தனுப்புனா வாடை அடிக்கும்ட்டி. பள்ளியூடத்துல நம்மள என்னன்னு நெனப்பாவ?"

கனமான டிபனை நான் கொட்டிவிடுவேன் என்று மாமா கூடவே வந்தார். அக்கா மூடியைத் திறந்தார். பொன் மஞ்சளில் ஐந்து மூளை, ஆவி பறக்க. உம்மா இஞ்சி பூண்டும் போட்டிருந்தார் போல, பின்வரிசையில் ஒருத்தி எனக்குப் பசிக்குது என்றாள். நான் அழுகிற நிலைக்கு வந்துவிட்டேன். அக்கா டிபனுக்கு மேல் குனிந்தார். பிறகு விரலால் அழுத்திப் பார்த்தார். பச்சை மூளை தயிர்போல் குழையும், நாங்கள் மருந்தில் ஊறவைத்து இறுக்குவோம், உங்கள் அம்மா அடுப்பில் இறுக்கிவிட்டார், வெட்ட நன்றாக வரும் என்றார். முட்டைகூடச் சமைக்காத வீடாம் அக்காவுடையது. வீட்டில் என்ன வாசனை என்று கேட்டால் என்ன சொல்வேன் என்று அவரே சிரித்தார்.

அக்கா கத்தியைப் பிடித்த விதத்தைக் கதவோரம் நின்ற மாமாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"மேடம், அப்படிப் புடிச்சா நசுங்கிப் போயிரும். இங்க குடுங்க."

மாமா வெட்ட, அக்கா சொல்லிக்கொடுத்தார். பின்பக்கம் பூக்கோஸ் மாதிரி இருக்கிற துண்டு விழாமல் நிற்க. மேலே உள்ள மடிப்புகள் பார்க்க, கேட்க, கைகாலை அசைக்க. எங்கள் கைகளெல்லாம் மஞ்சள். மாமா எங்களைவிட உற்றுப் பார்த்தார். எல்லாம் முடிந்ததும் கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தார். வைத்துவிட்டுக் கேட்டார்:

"ஒரு ஆடு இருக்குன்னு வைங்க மேடம். நல்லாத்தான் மேயுது. திடீர்னு விழுந்து கால இழுக்குது, நுரை தள்ளுது. செத்த நேரத்துல எந்திரிச்சு மறுபடியும் மேயுது. அதுக்கு இதுல எந்த எடம் கெட்டிருக்கும்?"

நான் முந்திக்கொண்டு, நம்ம கடைக்கு அப்படி ஆடே வந்ததில்லையே மாமா என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். மாமா என்னைத் திட்டவில்லை. அக்காவும் சிரிக்கவில்லை. குரலைத் தணித்துக்கொண்டார்.

"எடம்னு ஒண்ணச் சொல்ல முடியாது. நேத்து பெட்டில ஒரு கரகர சத்தம் வந்துதே, அந்தக் கரண்ட் எல்லாம் ஒரே நேரத்துல சேந்து கத்திடறது, அவ்வளவுதான். அந்த ஆடு மேல தப்பு ஒண்ணும் இல்ல. டாக்டர் கிட்டக் காட்டி, மாத்திரைய ஒரு நாள்கூட விடாமப் போட்டா நிறையப் பேருக்குக் கட்டுப்பட்டுடும்."

ஆட்டைப் போய்ப் பேர் என்கிறாரே என்று நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். மாமா இன்னும் போகவில்லை. கையில் ஒட்டிய மஞ்சளைத் தேய்த்துக்கொண்டே நின்றார்.

"அப்ப அந்த ஆட்ட வாங்க வாரவுககிட்ட இதச் சொல்லணுமா மேடம்?"

அக்கா பதில் சொல்லும்வரை நான் பொறுக்கவில்லை. எனக்குத்தான் பதில் தெரியுமே. கடைப் பெருமையை எல்லார் முன்னாலும் சொல்ல இதைவிட்டால் சந்தர்ப்பம் ஏது? எழுந்து நின்று சத்தமாகச் சொன்னேன்:

"எங்க மாமா கொறயச் சொல்லித்தான் விப்பாவ, அக்கா. எப்பவுமே."

மாமா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. என் தலையில் மஞ்சள் கையோடு ஒரு தட்டுத் தட்டிவிட்டு, டிபனைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் உம்மா கேட்ட முதல் கேள்வி, உப்பு போதுமாக இருந்ததா என்பதுதான். வெட்டிக் குப்பையில் போட்டோம் என்றதும் முகம் வாடியது. அன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தனியாக மாஹிமுக்குப் போனார். திரும்பி வந்து இரண்டு வார்த்தைதான் சொல்லியிருப்பார், உம்மா தலையிலடித்துக்கொண்டு அழுதார். பத்து நாள் தம்பியோடு பேசவில்லை. மூளையை வீணாக்கிய கோபம் இவ்வளவு நாள் நிற்குமா என்று எனக்கு ஆச்சரியம். நடுவில் ஒருநாள் மாமா என்னைக் கூட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். டிபனோடு அந்த அக்கா என்னிடம் சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்பிய இடம் அது. வரிசையில் உட்கார்ந்து எனக்கு வடாபாவ் வாங்கிக் கொடுத்தார். ஆட்டைக் கூட்டிக்கொண்டு வரவில்லையே மாமா என்று கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் புரையேறியது.

பதினோராம் நாள் மாஹிமிலிருந்து பெண்ணின் வாப்பா வந்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று உம்மா தட்டியோரம் அல்லாஹ்விடம் துஆ கேட்டுக்கொண்டே நின்றார். அவர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, மகள் ஒரே ஒரு விஷயம் கேட்டுவரச் சொன்னாள் என்றார். மாத்திரை எந்த நேரம் போடணும்?

இரவு இஷா தொழுகைக்குப் பிறகு. இன்றுவரை மாமிதான் எடுத்துக் கொடுக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். மாத்திரை டப்பா கடையில் தராசுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. யார் கேட்டாலும் மாமா சொல்வார்.

அன்றைக்கு நான் ஆட்டைப் பற்றித்தான் பேசினேன். என் சொந்த மகள் கடைப் பெருமை பேசி நிற்கும் வயதுக்கு வந்த பிறகுதான், அந்த வகுப்பில் ஆட்டின் பேரில், தன்னை வாங்க ஆள் வருமா என்று பயந்து நின்றது யார் என்று எனக்கு முழுதாக உறைத்தது.

இதைப் படித்தவர்கள், வீட்டில் இப்படி ஒருவரைக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். மஞ்சளைக்கூட விட்டுவிடலாம், உம்மா கோபித்துக்கொள்ள மாட்டார். வலிப்பு என்று நான் எழுதிய இடத்தில் மட்டும் பித்தம் என்று மாற்றிவிடாதீர்கள்.