சவேரியம்மாள் இரண்டாம் முறை எடுத்த இரத்தம்

தங்கச்சிமடத்திலிருந்து வந்த அஞ்சலட்டையில் இரண்டே வரிகள். சிஸ்டர் சவேரியம்மாள் ஞாயிறன்று காலமாகிவிட்டார், அடக்கமும் முடிந்துவிட்டது. நம் தொழுநோய் மருத்துவமனையில் அவருடன் வேலை பார்த்த உங்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அவர் இருந்தவரை நான் வெளியே சொல்லாத ஒன்று உண்டு.

நோயாளிகள் விழுங்கும் மாத்திரை இரத்தத்தில் எவ்வளவு தங்குகிறது என்று அப்போது சோதித்துக்கொண்டிருந்தோம். ஊர் ஊராகப் போய் அவர் இரத்தம் எடுப்பார். கம்பவுண்டரான நான் குழாய்களை ஐஸ் பெட்டியில் அடுக்கிக் கொண்டுவருவேன். இரத்தம் குளிர்ந்திருக்க வேண்டும். ஆனால் ஐஸ்கட்டியாக உறைந்துவிடக் கூடாது. உறைந்தால் அணுக்கள் உடைந்து, சோதனை தப்பாகிவிடும்.

திருப்பாலைக்குடியில் ஒருநாள் கடும் வெயில். மீன் வியாபாரிகள் செய்வதைப் பார்த்து, ஐஸ்மேல் கல்லுப்பை அள்ளிப் போட்டேன். உப்பு பட்டால் ஐஸின் குளிர் இன்னும் கூடும் என்று எனக்குத் தெரியாது; மருத்துவமனைக்கு வந்து திறந்தால், எல்லாக் குழாய்களிலும் இரத்தம் கல்லாகிக் கிடந்தது.

"உருகினதும் சோதனைக்கு அனுப்பிருவோம் சிஸ்டர்" என்றேன்.

"அந்தக் கணக்கப் பாத்துத்தான் டாக்டரு மாத்திரையக் கூட்டுவாரு, குறைப்பாரு. முழுங்கப்போறது நோயாளிக" என்றார். பதிவேட்டில் 'என் கவனக்குறைவால் கெட்டது' என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். உப்புப் போட்டது நான்.

மறுவாரம் திரும்பப் போனோம். முனியசாமி என்ற மீனவர் கையை நீட்ட மறுத்தார். "போன வாரந்தான குடுத்தேன். கீழ ஊத்திட்டீகளா?"

"கெடுத்துட்டோம்ணே. தப்பு எங்க மேலதான். வேண்டாம்னா போயிருறோம்" என்றார் சவேரியம்மாள்.

முனியசாமி கையை நீட்டினார்.

அவர் இரத்தத்தில் மருந்தே இல்லை. ஏமாற்றுகிற ஆளுக்கு எதற்கு மாத்திரை, பெயரை அடித்துவிடுங்கள் என்றார் மருத்துவர். "ஒரு தடவை கேட்டுட்டு வாரேன்" என்று சவேரியம்மாள் பஸ் ஏறினார். நானும் கூடப் போனேன்.

"நீங்க அன்னைக்கு உள்ளதச் சொன்னீக. நானும் சொல்லிருறேன்" என்றார் முனியசாமி. "மாத்திரைய வீட்டுக்காரிக்குக் குடுக்கேன். அவளுக்கும் தேமல் விழுந்திருக்கு. வெளிய தெரிஞ்சா எம் மகள எவன் கட்டுவான்?"

பட்டியலில் அவர் பெயர் அப்படியே இருந்தது. அக்கம்பக்கம் அறியாமல் இருவருக்கும் மாத்திரை கிடைக்க வழி செய்தார் சவேரியம்மாள். சில ஆண்டுகள் கழித்து அந்த மகளின் கல்யாணப் பந்தியில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

தவறு செய்தால், அதனால் யாருக்குக் கெடுதலோ அவர் வீட்டுக்கே போய்ச் சொல்ல வேண்டும் என்பது அவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது. போன மாதம்கூட, மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டு, அதை வாங்கிப்போனவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். கதவு திறந்ததும், "தப்பு என் மேலதான்" என்றேன்.