வாயில்லாத பூச்சியும் சுவரேறிய பொன்வண்டும்

குடியிருப்போர் சங்கச் செயலாளரே, நம் நூம்பல் குடியிருப்பில் பொன்வண்டை ஒழித்தது நீங்கள்தான். இப்போது நிலாப்பூச்சியையும் ஒழிக்கப் பார்க்கிறீர்கள்.

பொன்வண்டு தின்னிப்பண்டாரம். மதில் ஓரத்துக் கொடுக்காப்புளி இலையைப் பகலெல்லாம் தின்னும். தொட்டால் செத்த மாதிரி கீழே விழும். அதன் பச்சை மினுக்கைப் பார்த்து ஆளாளுக்கு உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்தோம். நீங்களும் எடுத்தீர்கள். அடுத்த வாரமே உங்கள் கார் டயரில் முள் ஏறியது என்று மரத்தை வெட்டினீர்கள். அடுத்த மழைக்கு ஒரு வண்டுகூட வரவில்லை. கேட் பக்கச் சுவரில் கதவளவுக்கு ஒரு பொன்வண்டு ஓவியம்தான் வந்தது. கீழே ‘இயற்கையைக் காப்போம்’ என்று எழுத்து. வெட்கமே இல்லை.

நிலாப்பூச்சி வேறு ரகம். அது அந்துப்பூச்சி சாதி. வெளிர்பச்சை இறக்கை, நீண்ட வால். புழுவாக இருக்கும்போது நம் வளாகத்து ஒதியமரத்தின் இலையைத் தின்பதோடு சரி, இறக்கை முளைத்தபின் தின்ன வாயே கிடையாது. சில நாள் பறந்து, முட்டையிட்டுச் செத்துப்போகும். போன மழைக்காலத்தில் ஒன்று மாடிப்படி விளக்குக்கு வந்தது. கொசு பேட்டால் அடித்தீர்கள். படபடவென்று பொரிந்து கருகியது.

“ஏன் சார் அடிச்சீங்க?” என்றேன்.

“அந்துப்பூச்சி சார். பட்டுப்புடவையெல்லாம் அரிச்சிடும்.”

“அதுக்கு வாயே இல்ல சார்.”

“வாய் இல்லாம எப்படி சார் உயிரோட இருக்கும்?” என்று சிரித்தீர்கள். கூட நின்றவர்களும் சிரித்தார்கள்.

இப்போது, பூச்சி வருவதே ஒதியமரத்தால்தான், வரும் ஞாயிறு வெட்டிவிடலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்று எழுதினேன். அழித்துவிட்டீர்கள். கேட்டில் உட்காரும் காவலாளியிடம் புலம்பினேன். அவர் சுவரைக் காட்டினார்.

“இன்னா அண்ணாத்தே நீ! செவுத்துல கீற வண்டு எலையும் கேக்காது, முள்ளும் குத்தாது. அதான் அத்த வச்சிகினாங்க. உன் பூச்சியையும் பக்கத்துல வரையச் சொல்லு, வேல முடிஞ்சிது.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானறிய இந்தப் பக்கம் மிச்சமிருக்கும் ஒதியமரம் அது ஒன்றுதான். அதில் இப்போது புழுக்கள் இருக்கின்றன, பச்சையாக, விரல் தடிமனில். நேற்றுகூடப் பார்த்தேன்.

ஞாயிறு காலை, மரம் வெட்டுகிறவர் ரம்பத்தை எடுப்பதற்கு முன், எல்லா வீட்டாரையும் கூப்பிட்டு அந்தச் சுவர் முன்னால் நிற்கப் போகிறேன். நீங்களும் வாருங்கள். வாயில்லாத பூச்சி யார் வீட்டுப் புடவையைத் தின்றது? குழுவில் வேண்டாம். அங்கே, எல்லோர் எதிரிலும் சொல்லுங்கள்.