முத்துக்கருப்பன் ஓட்டிவந்த மரியாம்பிள்ளையின் சைக்கிள்

மொன்ட்ரியாலில் நான் முதலில் கால் வைத்த இடம் டோர்வல். விமான நிலையம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து காரில் ஏறியதோடு சரி, அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. டோர்வலுக்கு ஒரு ஏரிக்கரை இருக்கிறது, அதன் மேலே விமானங்கள் தாழப் பறந்து இறங்கும் என்பதெல்லாம் கீழ்வீட்டு அண்ணை சொல்லித்தான் தெரியும். "கரையில நிண்டால் பிளேனின்ரை வயித்தில இருக்கிற எழுத்தை வாசிக்கலாம், தங்கச்சி" என்றார். நான் எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை. வாசிக்க முடிகிறதா என்று பார்த்துவிடுவோம் என்று செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

அண்ணையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். இந்த ஊருக்கு வந்து முப்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது. விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் ஒரு பெரிய சமையல்கூடத்தில் வேலை. பார்க் எக்ஸ்டென்ஷனில் நாங்கள் இருக்கும் கட்டிடத்தில் அவர் கீழே, நான் மேலே. நான் மதுரைக்காரி. எங்கள் பக்கம் 'அண்ணே' என்போம். குடிவந்த புதிதில் வாசலில் யாரோ "அண்ணை, அண்ணை" என்று கூப்பிட, அது என் காதில் 'அன்னை' என்று விழுந்தது. வயதான அம்மா யாரோ வரப்போகிறார் என்று எட்டிப் பார்த்தால், பெரிய மீசையோடு இவர் வந்தார். கட்டிடத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணை, அதனால் எனக்கும். நான் அவருக்குத் தங்கச்சி. என் வெளிப்படியில் விழுந்த பனியை நான் எழுவதற்கு முன்பே தள்ளிவிட்டுப் போகிற அண்ணை. அதற்கு மேல் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

என்னிடம் சைக்கிள் கிடையாது. வாடகைச் சைக்கிள் எடுக்கலாம், ஆனால் அது அரை நாள் பயணத்துக்குச் சரிவராது, நிமிடத்துக்கு நிமிடம் கட்டணம் ஓடும். அண்ணைதான் தன்னுடையதைத் தந்தார். பனி கொட்டும்வரை வாரநாட்களில் அவர் வேலைக்குப் போவது அதில்தான். "சனிக்கிழமை எங்களை வேலைக்கு ஏத்திக்கொண்டு போக வான் வரும். சைக்கிள் சும்மாதான் நிக்குது, கொண்டு போம். லைற் ரெண்டும் இருக்கு. கவனமாப் போட்டு வாரும்" என்றார். அவர் உயரத்துக்கு வாங்கிய வண்டி. இருக்கையை முழுக்க இறக்கிய பிறகும் என் கால் பெருவிரலில்தான் நின்றது.

மதியம் பன்னிரண்டு மணிக்குப் புறப்பட்டேன். சென்-டெனி சாலையில் சைக்கிளுக்கென்றே அகலமான பாதை இருக்கிறது. அதைப் பிடித்துத் தெற்கே போனால் கடைசியில் ஒரு நீண்ட இறக்கம் உங்களைப் பழைய துறைமுகத்தில் கொண்டுபோய் விடும். பத்து கிலோமீட்டர் இருக்கும். இறங்கும்போது சொர்க்கம்தான், ஆனால் திரும்பி வரும்போது அந்த மேட்டை ஏற வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். துறைமுகத்திலிருந்து லஷீன் கால்வாய் தொடங்குகிறது. பதினான்கு கிலோமீட்டர், மேடுபள்ளம் இல்லாத பாதை. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் பழைய ஆலைகள், இப்போது அவையெல்லாம் விலையுயர்ந்த வீடுகள். கால்வாய் முடிந்து ஏரி திறக்கும் இடத்தில் கையில் கொண்டுபோன எலுமிச்சைச் சோற்றைச் சாப்பிட்டேன். அங்கிருந்து ஏரிக்கரையை ஒட்டியே இன்னும் ஐந்தாறு கிலோமீட்டர் போனால் டோர்வல்.

அண்ணை சொன்னது உண்மை. புல்லில் மல்லாந்து படுத்தால் ஒவ்வொன்றாகத் தலைக்கு மேல் வருகிறது. சக்கரம் தெரிகிறது, எழுத்து தெரிகிறது, கொஞ்சம் முயன்றால் உள்ளே இருப்பவர்களுக்குக் கையும் ஆட்டலாம். ஆட்டினேன். பக்கத்தில் நாயோடு உட்கார்ந்திருந்த ஒரு பிரெஞ்சுக்காரப் பெரியவரும் எனக்குத் துணையாக ஆட்டினார். காற்றின் திசை மாறினால் விமானங்கள் வேறு பக்கமாக இறங்கும் என்று அவர் சொன்னார். ஆகவே போகிறவர்கள் அன்றைய காற்றைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

ஐந்து மணிக்குத் திரும்பினேன். கால்வாய் வழியே அட்வாட்டர் சந்தைக்கு வந்து சேர்ந்தபோது ஏழு மணி. நன்றாகவே இருட்டத் தொடங்கியிருந்தது. முன்விளக்கைப் போட்டிருந்தேன். நடைபாலத்துக்குச் சற்று முன்னால் இரண்டு போலீஸ்காரர்கள் வருகிற சைக்கிள்களை எல்லாம் ஓரம்கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பயத்தைவிட வேடிக்கைதான் அதிகம். மதுரையில் விளக்கில்லாமல் போனால் சக்கரத்துக் காற்றைப் பிடுங்கிவிடுவார்கள். இங்கே என்ன செய்வார்கள் என்று பார்க்க ஆசையாகவே இருந்தது.

"போன்ஜூர், மதாம்" என்றார் இளம் பெண் அதிகாரி ஒருவர். குனிந்து பார்த்தார். முன்விளக்கு இருக்கிறது, பெடலிலும் சக்கரங்களிலும் ஒளிதிருப்பிகள் இருக்கின்றன, பிரேக் பிடிக்கிறது. பின்விளக்கை அழுத்தினார், எரியவில்லை. பேட்டரி போய்விட்டது. சரி, அபராதம் எழுதப்போகிறார் என்று நினைத்தால், அவர் கண் சைக்கிள் சட்டத்தின் அடியில் ஒட்டியிருந்த ஒரு வில்லைக்குப் போனது. திருட்டுப்போனால் கண்டுபிடிப்பதற்காக இந்த ஊரில் சைக்கிளைப் பதிவுசெய்து இப்படி எண் வில்லை ஒட்டுவார்கள். எண்ணைத் தன் கைபேசியில் தட்டினார். பிறகு என்னையும், எட்டாத கால்களையும், வண்டியின் உயரத்தையும் ஒருமுறை அளந்து பார்த்தார்.

"இது உங்கள் சைக்கிளா?" என்று ஆங்கிலத்துக்கு மாறிக் கேட்டார்.

"இல்லை. அண்ணையோடது."

"ஆனி?"

"அண்ணை."

"ஆனி என்ன? குடும்பப் பெயர்?" ஆனி என்பது இங்கே பெண்களுக்கு வைக்கும் பெயர்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அண்ணையின் பெயர் எனக்குத் தெரியாது. இரண்டு வருடமாகப் படியில் பார்க்கிறேன், அவர் வீட்டுப் புட்டைச் சாப்பிடுகிறேன், அவர் தள்ளிய பனியில் நடக்கிறேன். ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. வயதில் மூத்தவரிடம் போய் "உங்க பேர் என்ன" என்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். பழகிய பிறகு கேட்டால் அது மரியாதைக் குறைவாக இருக்குமே என்று விட்டது. கைபேசியில் எடுத்துக் காட்டலாம் என்று திறந்தேன். கடை அண்ணை, கராஜ் அண்ணை, கோயில் அண்ணை, கீழ்வீட்டு அண்ணை. அதிகாரி எட்டிப் பார்த்தார்.

"எல்லோரும் ஆனியா?"

"அது பெயர் இல்லை. அண்ணன் என்று அர்த்தம். ஆண்."

"உங்கள் சொந்த அண்ணனா?"

"இல்லை."

அவர் தன் கைபேசியைப் பார்த்துக்கொண்டே, "இங்கே மரியாம் என்று இருக்கிறதே" என்றார். சைக்கிளின் சொந்தக்காரர் ஆனி என்கிற ஆண், ஆனால் பதிவில் மரியாம் என்கிற பெண், கையில் வைத்திருப்பது உயரம் பற்றாத மூன்றாவது ஆள். அவர் இடத்தில் நான் இருந்தாலும் என்னை நம்பியிருக்க மாட்டேன். அண்ணையை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வேலை நேரம்.

சொந்தக்காரர் உறுதிசெய்யாவிட்டால் சைக்கிள் நிலையத்துக்குப் போகும், அவரே வந்து மீட்டுக்கொள்ளலாம் என்றார் அதிகாரி. தன்மையாகத்தான் சொன்னார். ஆனால் திங்கட்கிழமை அண்ணை எதில் வேலைக்குப் போவார்? "லைற் ரெண்டும் இருக்கு" என்று நம்பிக் கொடுத்த மனிதரிடம், சைக்கிளைப் போலீசில் விட்டுவிட்டு வந்தேன், ஏனென்றால் உங்கள் பெயர் எனக்குத் தெரியவில்லை என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு நாலடி தள்ளிப் போய், பதிவில் இருந்த எண்ணுக்குத் தன் போனிலிருந்து அழைத்தார். இந்த முறை எடுத்துவிட்டார்கள். எனக்கு உயிர் வந்தது. பிரெஞ்சில் பேச்சு. என் பிரெஞ்சு ரொட்டி வாங்கும் அளவுக்குத்தான் போதும் என்றாலும், நடுவில் "மதாம் மூத்துகருப்பான்" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. போனை மூடிக்கொண்டு திரும்பியபோது அவர் முகம் முழுக்க மாறியிருந்தது.

"சைக்கிளைக் காலையில் தன் தங்கைக்குக் கொடுத்ததாக அவர் சொல்கிறார். முத்துக்கருப்பன் என்று யாரையும் அவருக்குத் தெரியாது" என்றார். பிறகு ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டார். "அந்தத் தங்கை எங்கே?"

ஒரு கணம் எனக்கும்தான் புரியவில்லை. பிறகு புரிந்தது. முத்துக்கருப்பன் என் அப்பா. நான் கயல்விழி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டதிலிருந்து இந்த நாட்டில் நான் முத்துக்கருப்பன். போதாக்குறைக்கு அண்ணைக்கு என் பெயர் கயல்விழி என்பதும் தெரியாது. நான் தங்கச்சி, அவ்வளவுதான். ஆகவே இப்போது நான், என்னிடமிருந்தே சைக்கிளைத் திருடி, என்னை எங்கோ தள்ளிவிட்டு வந்த பெண்.

"நான்தான் தங்கை! போனை என்னிடம் கொடுங்கள்" என்றேன். கொடுக்கவில்லை, ஒலிபெருக்கியில் போட்டார்.

"அண்ணை! நான்தான்!"

"தங்கச்சியே? எங்க நிக்கிறீர்? உமக்கு ஒண்டும் இல்லையே? ஆரோ ஒரு பொம்பிளை சைக்கிளைக் களவெடுத்துக்கொண்டு நிக்கிறாளாம்! நான் வேலையை விட்டிட்டு வெளிக்கிட்டிட்டன், இந்தா வாறன்!"

"அந்தப் பொம்பிளை நான்தான் அண்ணை!"

"என்ன கதைக்கிறீர்? பொலிஸ் வேற ஆரின்ரையோ பேரெல்லே சொன்னவை?"

"அது எங்க அப்பா பேரு."

"அப்ப உம்மடை பேர் என்ன?"

கால்வாய்க் கரையில், போலீஸ் முன்னால், இரண்டு வருடம் கழித்து நானும் அண்ணையும் ஒருவரையொருவர் அறிமுகப்படுத்திக்கொண்டோம். அவர் பெயர் சூசைதாசன். மரியாம்பிள்ளை அவருடைய அப்பா. முன்பெயர்க் கட்டத்தில் அப்பா பெயரை எழுதி, அதுவும் பாதியில் நறுக்கப்பட்டு மரியாம் ஆகியிருக்கிறது. வேலையிடத்திலும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம், திருத்தி அலுத்துவிட்டாராம். ஆக, நடந்தது இவ்வளவுதான்: முத்துக்கருப்பன் என்பவர் மரியாம்பிள்ளை என்பவரின் சைக்கிளைக் களவாடிவிட்டார். இரண்டு அப்பாக்களும் பனியைக் கண்ணால் கண்டதில்லை.

அதிகாரிக்கு ஒரே ஒரு சந்தேகம் மீதி இருந்தது. போனில் கேட்டார். "மிஸியூ, இவர் உங்கள் தங்கையா?"

"வுய்" என்று ஆமோதித்தார் அண்ணை, கொஞ்சமும் யோசிக்காமல்.

வர வேண்டாம் என்று சொல்லி அண்ணையை வேலைக்குத் திருப்பி அனுப்பினேன். சைக்கிளைத் தந்துவிட்டார்கள். பின்விளக்குக்கு எச்சரிக்கை மட்டும், ஆனால் இருட்டில் ஓட்டக் கூடாது, தள்ளிக்கொண்டு போக வேண்டும். அட்டையைத் திருப்பித் தரும்போது அந்தப் பெண் ஒரு நிமிடம் தயங்கினார். "சைக்கிள் சம்பந்தமாக நான் நிறையப் பேரை அழைத்திருக்கிறேன். எல்லோரும் முதலில் கேட்பது, வண்டிக்கு ஏதாவது சேதமா என்றுதான். உங்கள் ஆனி கடைசிவரை சைக்கிளைப் பற்றிக் கேட்கவே இல்லை" என்றார்.

நான் மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டு வேகமாகத் தள்ளிக்கொண்டு நடந்தேன். கண் கலங்கியதை ஊர்ப் போலீஸ் பார்ப்பானேன்?

போகிறவர்களுக்கு: இருட்டும் முன் திரும்பிவிடுங்கள், முடியாவிட்டால் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, இரண்டு விளக்கும் கட்டாயம் எரிய வேண்டும். ஓட்டும்போது காதில் பாட்டு வேண்டாம், அதற்கும் பிடிப்பார்கள். சனி ஞாயிறுகளில் மெட்ரோவின் முதல் பெட்டியில் சைக்கிளை ஏற்றலாம். நான் அட்வாட்டர் சந்தையிலிருந்து லியோனல்-குரு நிலையம் வரை தள்ளிப்போய், ஸ்னோடனில் மாறி அகாடியில் இறங்கினேன், அந்த மேடும் மிச்சம். இரவல் வண்டி என்றால் உரியவரின் முழுப் பெயரை, அவர் அப்பா பெயரோடு, கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரையும் அவருக்குச் சொல்லிவிடுங்கள்.

நான் வீட்டுக்கு வந்த கையோடு அண்ணையின் எண்ணை 'மரியாம்பிள்ளை சூசைதாசன்' என்று மாற்றிச் சேமித்தேன். மறுநாள் காலையில் தூக்கக் கலக்கத்தில் இருந்தபோது போன் அடித்தது. திரையில் யாரோ மரியாம்பிள்ளை. காப்பீடு விற்கிறவராக இருக்கும் என்று துண்டித்தேன். மறுபடி அடித்தது, மறுபடி துண்டித்தேன். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. கையில் புது பேட்டரியோடு அவர் நின்றார்.

"என்ன தங்கச்சி, எத்தினை தரம் அடிக்கிறன், ஏன் எடுக்கேல்லை?"

"யாரோன்னு நினைச்சுட்டேன் அண்ணை" என்றேன். அவர் முன்னாலேயே பெயரை அழித்து, பழையபடி 'கீழ்வீட்டு அண்ணை' என்று எழுதினேன்.